எருவிட்ட மண்ணில் கிடைத்த மருந்து

கோடை மழையின் முதல் தூறல் விழுந்ததும் கிளம்புகிற மண்வாசனையை இந்த இதழ் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வாசனையைத் தருவது மண்ணில் வாழும் ஒரு வகை நுண்ணுயிர். ஆக்டினோமைசீட்ஸ் என்று சொல்வார்கள். வெந்துகொண்டிருக்கும் எருக்குவியலைக் கிளறினால் உள்ளே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தெரியுமே, அதுவும் பெரும்பாலும் இவற்றின் வேலைதான். இந்தக் கூட்டத்தில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்று ஒரு குடும்பம் இருக்கிறது. இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளில் பல, அந்தக் குடும்பம் மண்ணுக்குள் தன் தேவைக்காகச் செய்துகொள்ளும் பொருள்களிலிருந்து வந்தவை.

காசநோய்க்கு எதிராக முதன்முதலில் வேலை செய்த ஆன்டிபயாட்டிக்கான ஸ்ட்ரெப்டோமைசின் அப்படித்தான் கிடைத்தது. 1943ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், செல்மன் வாக்ஸ்மன் என்ற மண் நுண்ணுயிர் விஞ்ஞானியின் ஆய்வகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் அதைப் பிரித்தெடுத்தார். அவர் எடுத்துக்கொண்ட மண், எரு நிறையப் போட்ட வயல் மண்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் கூட்டங்களில் ஆன்டிபயாட்டிக் என்றாலே "அது விஷமுங்க" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அது நம் மண் கொடுத்த சொத்து. முப்பத்தேழு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். சொத்து நல்லதா கெட்டதா என்று நாங்கள் பார்ப்பதில்லை. அதை எப்படிச் செலவு செய்தார்கள், இப்போது இருப்பு எவ்வளவு என்றுதான் பார்ப்போம். இந்தக் கட்டுரையும் அப்படி ஒரு கணக்குப் பார்க்கிற முயற்சிதான்.

பெருந்துறைக்குப் போன தலைமுறை

நான் பிறந்தது 1959ல், சத்தியமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றில். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு நாமே ஒரு கண்ணாடிப் பாட்டில் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் அதில் மிக்சர் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, ஓரம் வெட்டிய காகிதத்தைப் பாட்டிலில் ஒட்டித் தருவார். ஊசி என்பது பெரிய விஷயம். பென்சிலின் போடுவதற்கு முன்னால் கையில் லேசாகக் குத்தி, ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். மாட்டுக்கு அந்த ஊசி போட்டதை அந்த நாளில் நான் பார்த்ததே இல்லை.

அதற்கும் முந்தைய தலைமுறையில் 'பெருந்துறைக்குப் போயிருக்காங்க' என்று யாரைப் பற்றியாவது சொன்னால் வீட்டில் குரல் தாழ்ந்துவிடும். பெருந்துறையில் காசநோய் சானிடோரியம் இருந்தது. மருந்து வருவதற்கு முன்னால் நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் வைத்தியம். மருந்து வந்த பிறகு நிலைமை மாறியது. 1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு சானிடோரியத்திலும் இன்னொரு பிரிவுக்கு வீட்டிலேயும் ஒரு வருஷம் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. ஐசோனியசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகள். 1959ல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் சானிடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமானார்கள். உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தின் போக்கையே மாற்றிய ஆய்வு அது.

அந்த ஆய்வில் நாம் கவனிக்க வேண்டியது, அந்த மருந்தைக் கொடுத்த ஒழுங்கு. ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி பழகிவிடும் என்பதால் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பாதியில் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டார்கள். பென்சிலினை 1928ல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945ல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே இதைத்தான் எச்சரித்தார். கொஞ்சமாகக் கொடுத்தால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும் என்றார். மருந்து கைக்கு வந்த அன்றைக்கே எச்சரிக்கையும் வந்துவிட்டது.

மருந்து தீவனமான கதை

அடுத்த திருப்பம் நம் தொழிலிலிருந்து வந்தது. இதிலும் ஒரு வயல் இருக்கிறது, நம்மவர் ஒருவரும் இருக்கிறார்.

ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அங்கே லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அவருடைய பிரிவில் பெஞ்சமின் டக்கர் என்ற வயதான தாவரவியலாளர், நாடெங்கும் இருந்து மண் மாதிரிகளை வரவழைத்து மருந்து தேடிக்கொண்டிருந்தார். மிசௌரி பல்கலைக்கழகத்தின் சான்போர்ன் வயலில் இருந்து மண் அனுப்பியவர் வில்லியம் ஆல்பிரெக்ட். மண்வளம் பற்றி அவர் எழுதியதை நம்மில் சிலர் படித்திருப்பீர்கள். அந்த வயலின் 23ஆம் பாத்தி மண்ணில் இருந்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் கொடுத்த மருந்துதான் ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் வகையில் முதல் மருந்து. 1948ல் அறிவித்தார்கள். அதே ஆண்டு சுப்பாராவ் காலமானார்.

அதே நிறுவனத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்ற இரண்டு பேர் கோழித் தீவனத்துக்கு மலிவான பி-12 வைட்டமின் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் தயாரித்தபின் மிஞ்சிய கசடைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தால், எதிர்பார்த்ததைவிட வேகமாக எடை கூடியது. வைட்டமின் மட்டும் காரணமல்ல, கசடில் ஒட்டியிருந்த மருந்தும் காரணம் என்று பிறகு தெரிந்தது. 1950ல் இதை வெளியிட்டதும் கோழி, பன்றி, கன்று என்று எல்லாத் தீவனத்திலும் ஆன்டிபயாட்டிக் கலக்கும் பழக்கம் பரவியது. நோய் தீர்க்க எழுதிக் கொடுத்த பொருள், மூட்டைக் கணக்கில் கலக்கும் பொருளாகிவிட்டது. அதுவும் எப்படி? தினமும், கொஞ்சம் கொஞ்சமாக. ஃபிளெமிங் எதைச் செய்யாதே என்றாரோ, அதையே.

1969லேயே பிரிட்டனில் ஸ்வான் குழு இதைக் கட்டுப்படுத்தச் சொன்னது. சுவீடன் 1986ல் வளர்ச்சிக்காகக் கலப்பதை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் நிறுத்த 2006 ஜனவரி வரை ஆனது. இதில் டென்மார்க்கின் அனுபவம் நமக்குப் பாடம். அங்கே 1990களின் நடுவில் கால்நடை மருத்துவர்கள் மருந்து விற்று லாபம் பார்ப்பதைக் கட்டுப்படுத்தினார்கள். 1999 முடிவதற்குள் தீவனத்தில் கலப்பதும் நின்றது. தாய்ப்பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்குக் கொஞ்ச காலம் கழிச்சல் அதிகமானது. கொட்டில், தீவனம், குட்டியைப் பிரிக்கும் வயது எல்லாவற்றையும் திருத்தினார்கள். பன்றி வளர்ப்பு அழிந்துவிடவில்லை, உற்பத்தி வளர்ந்தது.

கடன் கோப்பில் நான் பார்த்தது

1982ல் வங்கியில் சேர்ந்தேன். அது ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தின் காலம். கறவை மாட்டுக் கடன் கேட்டு வாரம் முழுவதும் ஆட்கள் வருவார்கள். மாட்டுக்குக் காதில் வில்லை போட்டு, இன்சூரன்ஸ் எடுத்து, கடன் கொடுப்போம். ஆரம்பத்தில் எருமையும் நாட்டு மாடும் கலந்து இருக்கும். பத்து வருஷத்தில் பெரும்பாலும் ஜெர்சி கலப்பு, ஃபிரீசியன் கலப்பு என்று மாறியது. பால் கூடியது நிஜம். பல குடும்பங்கள் அந்தப் பாலில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. அதை மறுக்க மாட்டேன்.

பாலோடு மடிநோயும் கூடியது. வசூலுக்குப் போனால், "மடி வீங்கிப் போச்சுங்க, ஒரு காம்பு அடைச்சுப் போச்சுங்க, அடுத்த மாசம் கட்டிடறேனுங்க" என்ற பதில் சாதாரணமானது. ஊருக்கு ஊர் பையை மாட்டிக்கொண்டு வண்டியில் வந்து ஊசி போடுபவர்கள் முளைத்தார்கள். மருத்துவம் படித்தவர்கள் இல்லை. கூப்பிட்ட நேரத்துக்கு வந்தார்கள், அதனால் வளர்ந்தார்கள். கோழிப்பண்ணைத் திட்ட அறிக்கைகளில் தீவனம், குஞ்சு, மின்சாரம் என்ற வரிகளோடு 'மருந்து' என்று ஒரு வரி நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. கோழிக்கு நோய் வரும் முன்பே அந்தச் செலவு தீர்மானமாகியிருக்கும்.

மனிதர்கள் கதையும் இதேதான். மிக்சர் பாட்டில் போய், மூன்று நாளைக்கு ஐந்து நாளைக்கு என்று அட்டை மாத்திரை வந்தது. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் பெரும்பாலும் காரணம் வைரஸ். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. இருந்தாலும் கடையில் போய் "போன தடவை குடுத்த அதே மாத்திரைய குடுங்க" என்று வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். வலுவான ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றால் யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர் பதிவு வைக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் எச்-1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது.

ஒரு பரிசோதனைத் தாள்

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் அண்ணிக்குச் சிறுநீரில் கிருமித் தொற்று. வயது அறுபதைத் தாண்டியவர், சர்க்கரையும் உண்டு. முதலில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை, இரண்டாவதும் கேட்கவில்லை. குளிர்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிருமியை வளர்த்துப் பார்த்து ஒரு தாள் கொடுத்தார்கள். இடது பக்கம் மருந்துகளின் பெயர், வலது பக்கம் ஒரு எழுத்து. 'எஸ்' என்றால் மருந்துக்குக் கிருமி கட்டுப்படும், 'ஆர்' என்றால் கட்டுப்படாது.

ஆயுள் முழுக்க ஐந்தொகைப் பட்டியல் படித்த கண்ணால் அந்தத் தாளைப் படித்தேன். மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர். நான் பேர் தெரிந்து வைத்திருந்த மாத்திரை ஒவ்வொன்றுக்கும் நேரே ஆர். கடைசியில் இரண்டு மூன்று ஊசி மருந்துகளுக்கு மட்டும் எஸ். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து ஊசி ஏற்றி அண்ணி பிழைத்து வந்தார். அண்ணன் ஒரு வார்த்தைதான் கேட்டார்: "இந்த ரெண்டும் கேக்கலீனா என்னடா பண்ணியிருப்பாங்க?"

அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி, சாக்கடை, சாப்பாடு, கால்நடை என்று எதுவாகவும் இருக்கலாம். ஆனால் மருந்தை ஏமாற்றும் குணம் ஒரு கிருமியோடு நிற்பதில்லை என்று தெரிந்திருக்கிறது. ஊரில் கைமாத்து வாங்குவது போல, பத்திரம் கையெழுத்து ஏதும் இல்லாமல், ஒரு வகைக் கிருமி இன்னொரு வகைக்கு அந்தக் குணத்தைக் கொடுத்துவிடும்.

இதற்குக் கொலிஸ்டின் நல்ல உதாரணம். இதுவும் மண் பாக்டீரியா கொடுத்த மருந்துதான். சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று மனித வைத்தியத்தில் 1970களில் ஓரம் கட்டினார்கள். கோழிக்கும் பன்றிக்கும் மட்டும் தாராளமாகக் கொடுத்துவந்தார்கள். புதிய மருந்துகள் தோற்றபோது ஆஸ்பத்திரிகள் கடைசி ஆயுதமாக அதையே திரும்ப எடுத்தன. அப்போதுதான், 2015ல், கொலிஸ்டினை ஏமாற்றும் மரபணு, கைமாறக்கூடிய வடிவத்தில், சீனாவின் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பது தெரியவந்தது. இந்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் கொலிஸ்டினைத் தடை செய்தது.

மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 2019ல் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2022ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

உறையாத பாலும் நம் பஞ்சகவ்யமும்

ஒருநாள் காலையில் பக்கத்துத் தோட்டத்து அக்கா வேலி ஓரம் வந்து நின்றார்.

"ஏனுங்க மேனேஜரே, உறை ஊத்தி ராத்திரி முழுக்க வெச்சும் பாலு பாலாவே கெடக்குதுங்க. இது என்ன கூத்துங்க?"

"மாட்டுக்கு ஊசி ஏதாச்சும் போட்டீங்களாக்கா?"

"மூணு நாளாப் போடறாரு. மடி வீங்கிக் கெடந்துச்சு. என்ன ஊசின்னு நானும் கேக்கல, அவரும் சொல்லலீங்க."

"பால சொசைட்டிக்கு ஊத்தறீங்களா?"

"ஊத்தாம? ஊத்துனாத்தானுங்க கடன் கட்ட முடியும். பேரனுக்கும் அதத்தான் காய்ச்சிக் குடுக்கறேன்."

பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதான். பாலில் ஆன்டிபயாட்டிக் இருந்தால் அது உறைமோரில் உள்ள பாக்டீரியாவையும் கொல்லும். அக்கா வீட்டுத் தயிர்ப்பானை ஆய்வகம் சொல்வதைச் சொல்லிவிட்டது. காய்ச்சினால் மருந்து முழுதாகப் போய்விடும் என்று நம்பவும் முடியாது.

ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்று மருந்துப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும் என்று 2012ல் மருந்து விதிகளில் திருத்தம் செய்தார்கள். தனியாக நாள் கணக்கு நிர்ணயிக்கப்படாத மருந்து என்றால் பால், முட்டைக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். அக்காவின் மாடு நாளுக்கு 8 லிட்டர் கறக்கும். 7 நாளைக்கு 56 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் 1,960 ரூபாயைக் கீழே கொட்டு என்கிறோம். மாதத் தவணை கட்டுகிற குடும்பத்திடம் இதைச் சொல்வது சுலபமில்லை. அதனால்தான் நான் யாரையும் திட்டுவதில்லை. மடிநோயை வராமல் தடுப்பதும், வந்தால் முதல் நாளே பிடிப்பதும்தான் இந்தக் கணக்கு தேறுவதற்கு வழி. அக்கா மாட்டுக்கு அரசு கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். உயிர் பிழைத்தது, ஆனால் ஒரு காம்பு போய்விட்டது.

இயற்கை விவசாயிகளுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. மாட்டுக்குக் கொடுத்த மருந்தில் ஒரு பங்கு சாணியிலும் மூத்திரத்திலும் மாறாமல் வெளியேறுகிறது. டெட்ராசைக்ளின் வகையில் இது அதிகம். அந்தச் சாணி, மூத்திரம், பால், தயிர் நான்கையும் சேர்த்துத்தானே நாம் பஞ்சகவ்யம் போடுகிறோம்? நுண்ணுயிரைப் பெருக்க வைத்த பானையில் நுண்ணுயிர்க்கொல்லியை ஊற்றுவது போல ஆகிவிடும். ஜீவாமிர்தத்துக்கும் இதே கதைதான். வெளியிலிருந்து சாணி வாங்குபவர்கள், கோழி எரு லோடு இறக்குபவர்கள், அந்தப் பண்ணையில் என்ன மருந்து போகிறது என்று கேட்டு வாங்குங்கள். நன்றாகச் சூடேறி வெந்த கம்போஸ்டில் மருந்தின் எச்சம் கணிசமாகக் குறையும். முழுக்கப் போய்விடும் என்று சொல்ல முடியாது. பச்சை எருவை நேராக வயலில் போடாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

பயிருக்கும் இந்த மருந்து வந்ததை மறக்க வேண்டாம். நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலுக்கும், எலுமிச்சையில் சொறிநோய்க்கும் ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடியைக் கரைத்து அடித்தவர்கள் நம் ஊரிலேயே நிறையப் பேர். மனிதனின் காசநோய் மருந்து தெளிப்பானில் போய்க்கொண்டிருந்தது. 2021 டிசம்பரில் வந்த மத்திய அரசு உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து இதன் இறக்குமதியும் தயாரிப்பும் நின்றன. 2024 ஜனவரி 1 முதல் பயன்படுத்துவதற்கும் தடை. பழைய பாக்கெட் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். இலைக்கருகலுக்கு வேளாண் பல்கலைக்கழகமே 20 சத பசுஞ்சாணக் கரைசலை, நோய் தெரிந்ததும் ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை தெளிக்கச் சொல்கிறது. தழைச்சத்து மிகையான வயலில்தான் இந்த நோய் ஆட்டம் போடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் தொழுவத்து நடைமுறை

என்னிடம் இரண்டு காங்கேயமும் மூன்று கலப்பின மாடுகளும் இருக்கின்றன. இங்கே நான் செய்வதைச் சொல்கிறேன். புதுமை எதுவும் இல்லை.

கறப்பதற்கு முன்னால் கையையும் மடியையும் கழுவித் துடைக்கிறோம். முதல் இரண்டு பீச்சுப் பாலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பார்க்கிறோம். திரியோ தண்ணீரோ தெரிந்தால் அன்றைக்கே வைத்தியம். கட்டைவிரலை மடித்துக் கறக்க விடுவதில்லை, காம்பு புண்ணாகும். முழுக்கையால் கறக்க வேண்டும். கறந்து முடித்ததும் காம்புத் துளை கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அப்போது மாடு சாணியில் படுத்தால் கிருமி உள்ளே ஏறும். அதனால் கறந்த கையோடு தீவனம் போட்டு அரை மணி நேரமாவது நிற்க வைக்கிறோம். நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறக்கிறோம். தரை காய்ந்து இருக்கிறதா என்று காலையும் மாலையும் நானே பார்ப்பேன்.

மடி லேசாக வீங்கினால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகை வைத்தியம். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் சேர்த்து அரைத்தால் சிவந்த விழுதாக வரும். பாலை முழுக்கக் கறந்துவிட்டு, மடியைக் கழுவி, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து தடவை, ஐந்து நாள். தினமும் இரண்டு எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தின்னக் கொடுக்க வேண்டும். பத்து தடவை என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இரண்டு தடவை தடவிவிட்டு "மூலிகை கேக்கலீங்க" என்றால் எப்படிக் கேட்கும்? தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் இந்த முறையைப் பல மாநிலப் பால் சங்கங்களில் பரப்பிவருகிறது.

இதற்கு ஒரு எல்லை உண்டு. மாட்டுக்குக் காய்ச்சல் அடித்தாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ, மடி கல்லாக இறுகிச் சூடாக இருந்தாலோ, இரண்டு நாளில் குறையாவிட்டாலோ, நான் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுவிடுவேன். ஊசி போடுவதற்கு முன்னால் சுத்தமான பாட்டிலில் பால் மாதிரி எடுத்து, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று பார்க்கச் சொல்வேன். அவர் சொன்ன நாள் வரை ஊசியை முழுதாகப் போடுவேன். மறுநாள் மாடு தெளிந்துவிட்டது என்று நிறுத்த மாட்டேன். அத்தனை நாள் பாலும் தனிக்குழிக்குப் போகும், கன்றுக்கும் விடுவதில்லை.

"இயற்கை விவசாயி நீங்க, இங்கிலீஷ் ஊசி போடலாமா?" என்று கேட்கிறார்கள். போடலாம், போட வேண்டிய நேரத்தில் போட்டே ஆக வேண்டும். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் இயற்கை வேளாண் விதிகளே அப்படித்தான் சொல்கின்றன. வளர்ச்சிக்காகக் கொடுக்கக் கூடாது. வேறு வழி பலிக்காதபோது மருத்துவர் பொறுப்பில் கொடுக்கலாம். ஆனால் சட்டம் சொல்லும் காத்திருப்பு நாளைப் போல இரண்டு மடங்கு காத்திருக்க வேண்டும். கொள்கைக்காக மாட்டை வலியில் துடிக்க விடுவது இயற்கை விவசாயம் ஆகாது.

வைரஸ் நோய்களுக்குத் தடுப்பூசிதான் காப்பு. கோமாரி, தோல் கழலை நோய், நாட்டுக்கோழியின் வெள்ளைக்கழிச்சல் எல்லாம் வைரஸ். வெள்ளைக்கழிச்சலுக்கு டெட்ராசைக்ளின் குப்பியைப் பிரித்துச் சோற்றில் பிசைந்து வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அதனால் கோழியும் பிழைப்பதில்லை, மருந்தும் வீணாகிறது. அரசு கால்நடை மருந்தகத்தில் கழிச்சலுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். முகாம் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நோட்டு. வங்கிப் பழக்கம், விடாது. மாட்டின் பெயர், தேதி, என்ன நோய், என்ன மருந்து, எத்தனை நாள், பால் எந்தத் தேதியிலிருந்து விற்றது என்று ஒரு பக்கம். 2020லிருந்து இந்த ஐந்து மாடுகளுக்கு 14 தடவை மடிநோய் வந்திருக்கிறது. 11 தடவை விழுதிலேயே தீர்ந்தது, 3 தடவை ஊசி தேவைப்பட்டது. ஒரு தொழுவத்துக் கணக்கு இது, ஆராய்ச்சி முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நோட்டு இருந்ததால்தான் மூன்று ஊசியும் ஒரே மாட்டுக்கு என்பது தெரிந்தது. அது கட்டியிருந்த இடத்தில் தரை பள்ளமாகி மூத்திரம் தேங்கிக்கொண்டிருந்தது. தரையை மேடாக்கிய பிறகு அந்த மாட்டுக்கு ஊசி தேவைப்படவில்லை.

இதைத் தனியாகச் செய்தால் நம் தொழுவம் மட்டும் பிழைக்கும். கைமாத்து வாங்கும் கிருமிக்கு வேலி ஒரு தடையில்லை. எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு கோரிக்கை வைத்திருக்கிறோம். ஊசி போட்ட மாட்டின் பாலை உறுப்பினர் தானாக வந்து சொன்னால் அபராதம் போடக் கூடாது. அந்த நாள்களுக்கு ஒரு சிறு ஈட்டுத்தொகையை எல்லா உறுப்பினர்களிடமும் லிட்டருக்கு சில பைசா பிடித்துச் சேர்க்கும் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். மறைத்தால் லாபம், சொன்னால் நஷ்டம் என்று இருக்கும்வரை யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் கூட்டத்தில் முடிவாகவில்லை. "ஏமாத்துறவன் வருவானுங்க" என்றார் ஒருவர். வருவான்தான், கடன் திட்டத்திலும் வந்தான், அதற்காகக் கடன் கொடுப்பதை நாங்கள் நிறுத்தவில்லை என்றேன். அடுத்த மாதக் கூட்டத்தில் திரும்பப் பேசுகிறோம். உங்கள் ஊர்ச் சங்கத்தில் இப்படி ஏதாவது நடைமுறை ஏற்கெனவே இருந்தால் இதழுக்கு எழுதுங்கள். எங்கள் கூட்டத்தில் எடுத்துக்காட்ட உதவும்.